அட்டையில் யாருடைய பெயர்?

கடைக்காரருடைய விசிட்டிங் கார்ட் வேறு, கலைஞருடைய விசிட்டிங் கார்ட் வேறு. கடைக்காரர் இல்லாத நேரத்திலும் கடை திறந்திருக்கும். பெயர்ப்பலகை தொங்கும், பொருட்கள் அடுக்கியிருக்கும். கலைஞருக்கு அப்படியொரு வசதி இல்லை. ஆடிய ஆட்டத்தையோ, பாடிய பாட்டையோ, மணப்பெண்ணின் கையில் போட்ட மருதோன்றியையோ அலுமாரியில் அடுக்கி வைத்துக் காட்ட முடியாது. கல்யாண வீட்டில் பார்த்த ஒருவர் "இது ஆர் செய்தது?" என்று கேட்கிறாரே, அந்த ஒரு நிமிடம்தான் அவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு. அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டியதுதான் அட்டையின் வேலை. அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் செய்தவரின் பெயர் அதில் இல்லாவிட்டால் பிரயோசனமில்லை.

இதிலென்ன சந்தேகம், அட்டையில் செய்தவரின் பெயர்தானே இருக்கும் என்று வாசிக்கின்ற சகோதரிகள் நினைக்கக்கூடும். நானும் இந்தத் தொழிலுக்கு வரும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மட்டக்களப்பில் ஓர் அச்சகத்தில் 2002ஆம் ஆண்டு கணினியில் எழுத்துக் கோர்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாண அழைப்பிதழ், பற்றுச்சீட்டுப் புத்தகம், முப்பத்தோராம் நாள் நினைவு மலர், கோயில் திருவிழா நோட்டீஸ் என்று எல்லாம் செய்து பழகினேன். பிள்ளைகள் பிறந்த பிறகு வீட்டில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு வடிவமைப்பை மட்டும் செய்து வருகிறேன். அச்சு வெளியில் நடக்கும். கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருப்பதனால் நடனம், சங்கீதம், சித்திரம் கற்று வெளியேறும் பிள்ளைகள் பலர் என்னிடம் வருவதுண்டு. அவர்களோடு மருதோன்றி போடுபவர்கள், மணப்பெண் அலங்காரம் செய்பவர்கள், துணியில் ஓவியம் தீட்டுபவர்கள், கேக்கில் பூ வேலை செய்பவர்கள். இடைக்கிடை ஒரு கூத்து அண்ணாவியாரும் வருவார். வருகின்றவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது நிறத்தையோ படத்தையோ பற்றியல்ல. "ஆர்ர பேரைப் போடுறது?" என்றுதான் கேட்பேன்.

அநேகமாக ஒரு தயக்கம் வரும். கணவரின் பெயரைப் போட்டு "குடும்பத்தினர்" என்று போடச் சொல்வார்கள். அண்ணனின் பெயரைச் சொல்வார்கள். மகளின் பெயரில் ஒரு கடைப் பெயர் வைப்பார்கள். அதில் குற்றம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு பெண் தன் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் ஆயிரம் மட்டைகளில் அடித்து ஊரெல்லாம் கொடுப்பது இலேசான காரியமல்ல. அந்த மட்டை யாருடைய பொக்கற்றுக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியாது.

காத்தான்குடியிலிருந்து ஒரு தங்கச்சி உம்மாவோடு வந்தாள். மருதோன்றி போடுவதில் நல்ல கெட்டிக்காரி. தன் கையில் தானே போட்டிருந்ததைக் காட்டினாள். மயிலும் கொடியும் மணிக்கட்டைத் தாண்டி முழங்கைவரை ஓரிடத்திலும் மை தடிக்காமல் போயிருந்தன. பெயரை உடனே சொன்னாள். இலக்கம் என்றதும் உம்மாவைப் பார்த்தாள். "நானாட நம்பரப் போடுங்க அக்கா" என்றாள். நானா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டேன். லொறி ஓட்டுகிறார், கிழமையில் நாலு நாள் கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் றோட்டில்தான் நிற்பார். அப்படியென்றால் மணப்பெண் வீட்டார் எடுக்கும்போது யார் பதில் சொல்வது? எந்தத் திகதி இவளுக்கு ஓய்வு, முழங்கைவரை போட எத்தனை மணித்தியாலம், ஒரு பக்கத்துக்கு என்ன கூலி என்பதெல்லாம் லொறி ஓட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்? அவர் "ஓம் ஓம் வருவா" என்று சொல்லி இரண்டு கல்யாணத்தை ஒரே நாளில் ஒப்புக்கொண்டு விடுவார்.

உம்மாவின் பயமும் நியாயமானதுதான். இரவு 11 மணிக்கு யாரோ ஒருவன் எடுத்து "மருதோன்றி போடுறது நீங்களா?" என்று கேட்டு, பிறகு வேறு கதை கதைத்த அனுபவம் இந்தத் தொழில் செய்கின்ற எத்தனையோ பெண்களுக்கு உண்டு. ஆகவே நாங்கள் மூன்று பேரும் இருந்து யோசித்தோம். வீட்டுக்கு வேறு இலக்கம், தொழிலுக்கு வேறு இலக்கம். தொழில் இலக்கத்துக்கு ஒரு பழைய போன், அதில் தொழிலுக்கான வட்ஸ்அப். காலை 9 மணி முதல் மாலை 6 மணிவரை என்று அட்டையிலேயே நேரம் போட்டோம். 6 மணிக்கு அந்தப் போனை நிறுத்தி உம்மாவின் அலுமாரியில் வைப்பது என்று ஏற்பாடு. வீட்டு விலாசம் போடவில்லை, "காத்தான்குடி" என்று ஊரோடு நிறுத்தினோம். வேலை உறுதியானவர்களுக்கு மட்டும் விலாசம் சொன்னால் போதும். அவள் பெயர் நடுவில், பெரிய எழுத்தில். இன்றும் பெண்களுக்கு அட்டை செய்யும்போது இதே முறையைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். பெயரை மறைப்பதை விட வீட்டை மறைப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

அவளுடைய அட்டைக்குப் படம் எடுக்கும்போது இன்னொரு விடயம் வந்தது. இணையத்தில் இருந்து இறக்கிய வேறு யாருடையவோ கையின் படத்தைக் கொண்டு வந்திருந்தாள். "இது வடிவா இருக்கு அக்கா." வடிவுதான், ஆனால் அது அவள் போட்ட கை இல்லையே! அதைப் பார்த்து வருகின்ற மணப்பெண் அதே வேலையை எதிர்பார்ப்பாள். அது மட்டுமல்ல, அந்தக் கையில் போட்டவளுக்கும் படமெடுத்தவருக்கும் அதில் உரிமை உண்டு. எங்கள் நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஓர் ஆக்கம் உருவான கணத்திலேயே ஆக்கியவருக்கு உரிமை வந்துவிடும், எங்கும் பதியத் தேவையில்லை. அவர் வாழ்நாள் முழுவதும், இறந்து 70 வருடங்கள் வரையும் அது நிற்கும். தன் ஆக்கத்தில் தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையும் அச்சட்டத்தில் இருக்கிறது. பிறகு அந்தப் பிள்ளையின் இடது கையையே யன்னலோரம் வைத்து, மேகம் மூடிய காலை வெளிச்சத்தில் படமெடுத்தோம். வெயில் நேராக விழுந்தால் கோடுகள் வெளிறிவிடும்.

அட்டையும் ஆக்க உரிமையும் ஒன்றோடொன்று சேர்ந்த கதை ஒன்று இலண்டனிலும் உண்டு. வில்லியம் ஹோகார்த் என்ற செதுக்கு ஓவியர் 1720ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், 22 வயதில் தனியாகத் தொழில் தொடங்கியபோது, தன் பெயரைப் பொறித்து ஓர் அட்டையைத் தானே செதுக்கி அச்சிட்டார். பிற்காலத்தில் அவர் படங்கள் பிரபலமானதும் மற்றவர்கள் அவற்றைக் களவாகப் பார்த்துச் செதுக்கி மலிவாக விற்றார்கள். அவரும் சில ஓவியர்களும் சேர்ந்து பாராளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். செதுக்கியவருக்கு 14 வருட உரிமை தரும் சட்டம் 1735இல் நடைமுறைக்கு வந்தது. அதுவரைக்கும் அவர் தன் புதிய படத்தொகுதி ஒன்றை வெளியிடாமலே வைத்திருந்தாராம். அவருடைய சகோதரிகள் இருவர் நடத்திய உடுப்புக் கடைக்கும் ஓர் அட்டை இருந்தது. மேரி, ஆன் என்று அந்தப் பெண்களின் பெயரே அதில் இருக்கின்றது. கிட்டத்தட்ட 300 வருடங்களுக்கு முன்!

எங்கள் பக்கத்தில் நடந்தது வேறு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கிழக்கில் பெண்களின் கைவேலைகளை வாங்கிக் கொழும்பிலும் வெளிநாட்டிலும் விற்பதற்குப் பல அமைப்புகள் வந்தன. அவற்றுள் ஒன்றுக்காக நான் வேலை செய்த அச்சகத்தில் சிறிய லேபல்கள் அடித்தோம். எழுத்துக் கோர்த்தது நான்தான். ஒரு பக்கம் அமைப்பின் சின்னம், மற்றப் பக்கம் "சுனாமியால் பாதிக்கப்பட்ட பெண்களின் கைவேலை" என்று ஆங்கிலத்தில். எத்தனை ஆயிரம் அடித்தோம் என்பது இப்போது ஞாபகமில்லை. ஒன்றிலும் ஒரு பெண்ணின் பெயரும் இருக்கவில்லை. அந்த லேபல் கட்டப்பட்ட பொருட்களில் பன் பாய்களும் இருந்தன.

பல வருடம் கழித்து, அப்படிப் பாய் இழைத்துக் கொடுத்த ஒரு மாமி என்னிடம் வந்தார். குளத்தோரத்துப் பன்னை வெட்டிக் காயவைத்து, சாயம் காய்ச்சித் தோய்த்து, நிறம் நிறமாக எடுத்து இழைக்கிறவர். வெறும் பாயும் இழைப்பார், நடுவில் பூவும் ஓரத்தில் கட்டமும் வைத்துச் சித்திரப் பாயும் இழைப்பார். அந்த அமைப்பு எப்போதோ போய்விட்டது. இப்போது ஒரு வியாபாரி வந்து எடுத்துப் போகிறார். கொழும்பில் படிக்கும் மருமகள் ஒரு கடையில் மாமியின் பாயைக் கண்டு படமெடுத்து அனுப்பியிருக்கிறாள். விலைச்சீட்டும் படத்தில் தெரிந்தது. மாமிக்குக் கிடைத்த காசின் நாலு மடங்குக்கு மேல். "விலை கிடக்கட்டும் மகள்" என்றார் மாமி. "அந்தப் பிள்ள கடையில கேட்டிருக்கா, இது ஆர் இழைச்ச எண்டு. அவங்களுக்குத் தெரியாதாம்."

அட்டை செய்வோம் என்றேன். பெயருக்குக் கீழே என்ன போடுவது என்பதில்தான் பிரச்சினை வந்தது. நான் "பாய்க் கலைஞர்" என்று போட்டுக் காட்டினேன். மாமிக்குக் கூச்சம். "நான் பாய் இழைக்கிறவள். கலைஞர் எண்டு போட்டா ஆக்கள் சிரிக்கமாட்டாங்களா?" நான் வற்புறுத்தவில்லை. அட்டையில் இருக்கும் சொல்லை அதன் சொந்தக்காரர் வாய்விட்டுச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும், இல்லையேல் அதை நீட்டும்போது கை நடுங்கும். கடைசியில் பெயர், அதன் கீழ் "சித்திரப் பாய் இழைப்பவர்", ஊர், இலக்கம். அவ்வளவுதான். மாமிக்கென்று போன் இல்லை. பக்கத்து வீட்டு இலக்கத்தைப் போடலாமா என்றார். பக்கத்து வீட்டார் வீடு மாறினால் ஆயிரம் அட்டையும் வீண். மகளின் பழைய போன் ஒன்று கிடைக்கும் வரைக்கும் இரண்டு மாதம் பொறுத்திருந்தோம்.

இந்த அட்டை கையில் கொடுப்பதற்கு மட்டுமல்ல, பாயின் மூலையில் கட்டுவதற்கும். ஆகையால் இடது மேல் மூலையில் ஒன்றும் அச்சிடாமல் விட்டேன், அங்கே ஒரு துளை. பன் நாரினாலேயே கட்டிவிடலாம். மட்டை 300 கிராம், இரண்டு பக்கமும் பளபளப்பு இல்லாதது. தமிழ் ஒரு பக்கம், மறு பக்கம் சிங்களமும் ஆங்கிலமும்.

முதல் தடவை அட்டை கட்டிக் கொடுத்த பாய்களை வியாபாரி எடுத்துப் போனார். அடுத்த முறை வரும்போது அட்டைகளை ஒரு சொப்பிங் பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார், எல்லாம் கத்தரித்து எடுத்தவை. கடைக்காரருக்குப் பிடிக்கவில்லையாம். மாமி சண்டை போடவில்லை. சீவியத்துக்கு அந்த வருமானம் வேண்டுமே! ஆனால் அன்றிலிருந்து வியாபாரிக்கு வெறும் பாய் மட்டும்தான். சித்திரப் பாயை அவருக்குக் கொடுப்பதில்லை. அட்டை கட்டி, பிரதேச செயலகக் கண்காட்சிக்கும் கோயில் திருவிழாக் காலக் கடைத்தெருவுக்கும் தானே கொண்டுபோனார். ஐந்து மாதம் ஒருவரும் எடுக்கவில்லை. "அட்டைக்குச் செலவழிச்ச காசுக்கு அரிசி வாங்கியிருக்கலாம்" என்று ஒருநாள் என்னைக் கண்டு சொன்னார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆறாம் மாதம் திருகோணமலையிலிருந்து ஓர் ஆசிரியை எடுத்து, மகளின் கல்யாணத்துக்கு இரண்டு சித்திரப் பாய் கேட்டார், பெயர் சொல்லி.

இனி, அட்டை செய்யப் போகின்ற சகோதரிகளுக்கு என் தொழில் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்ல வேண்டும். அட்டை மூன்றரை அங்குல நீளம், இரண்டு அங்குல அகலம். அதற்குள் எல்லாவற்றையும் அடக்கப் பார்ப்பதுதான் அநேகர் செய்வது. பெற்ற பட்டம், பரிசுகள், குருவின் பெயர், மூன்று போன், சரஸ்வதி படம். தமிழ் எழுத்துக்குச் சுழியும் கொம்பும் அதிகம், ஆங்கிலத்தைப் போல 6 புள்ளி அளவுக்குச் சிறுப்பித்தால் வாசிக்க முடியாது. 8க்குக் கீழே நான் இறங்குவதில்லை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துக் கேட்பவர்களும் உண்டு, பார்வைக்கு எடுப்புத்தான். ஆனால் மை சற்றுப் பரவினாலும் மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி மூடிப்போகும். பெயரில் இரண்டு மெய்யெழுத்து இருந்தால் ஆளின் பெயரே மாறிவிடும். வேண்டுமென்றால் தடித்த எழுத்தாகப் போட வேண்டும்.

துணியில் சாயம் போடுபவர்களோடுதான் எனக்கு அதிக வாக்குவாதம். பற்றிக் துணியில் இருக்கும் அந்த நீலமும் செம்மஞ்சளும் கணினித் திரையில் அப்படியே ஒளிரும். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நாலு மையால் காட்டுகிறது. சில நிறங்கள் அந்த நாலு மைக்குள் அடங்காது. அச்சான பிறகு "என்ட நீலம் எங்க அக்கா?" என்று கண் கலங்கிய பிள்ளையை எனக்குத் தெரியும். அதனால் முழு அச்சுக்கு முன் ஒரு மாதிரி அடித்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்வேன். ஓவ்செற்றில் தகடு செய்வதற்குச் செலவாவதால் ஆயிரமாக அடித்தால்தான் கட்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு டிஜிட்டலில் 100 அடித்தால் போதும். ஆறு மாதத்தில் இலக்கம் மாறும், பாணி மாறும், சிலருக்குக் கல்யாணமாகி ஊரும் மாறும். மினுக்கத் தாள் ஒட்டிய அட்டையில் பேனை பிடிக்காது. நடன வகுப்பு வைப்பவர்கள் பின்பக்கத்தில் நாளும் நேரமும் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும், அவர்களுக்கு மினுக்கம் வேண்டாம்.

எழுத்துக் கோர்வையில் ஒரு பழைய தொல்லை உண்டு. எங்கள் நாட்டு அச்சகங்களில் பாமினி எழுத்துருவே வெகுகாலம் புழக்கத்தில் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எழுத்தை உருவமாக மாற்றித்தான் அச்சுக்கு அனுப்ப வேண்டும். மாற்றிய பின் பிழை திருத்த முடியாது என்பதால் அதற்கு முன்னர் மாதிரித் தாளில் உள்ள இலக்கத்தை அப்படியே பார்த்து நான் ஒரு தடவை அழைப்பேன். எதிரில் இருப்பவரின் கைப்பையில் மணி அடித்தால் சரி. ஆங்கிலத்தில் பெயர் எழுதும்போது வங்கிப் புத்தகத்தில் உள்ள எழுத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது. வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புபவர்கள் அட்டையைப் பார்த்துத்தான் பெயர் எழுதுவார்கள்.

இலக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2003இல் நாடு முழுவதும் தொலைபேசி இலக்கங்கள் பத்து இலக்கமாக மாறின. அச்சகத்தில் எங்களுக்கு ஒரே கொண்டாட்டம், அட்டை வைத்திருந்தவர்களுக்கு ஒரே திண்டாட்டம். புதிதாக அடிக்க வசதியில்லாத ஒரு நாதஸ்வரக் கலைஞர் கட்டுக் கட்டாக அட்டைகளைக் கொண்டுவந்து எங்கள் மேசையிலிருந்தே ஒவ்வொன்றிலும் புது இலக்கத்தைப் பேனையால் எழுதிக்கொண்டு போனார். ஒரு பின்னேரம் முழுக்க எழுதினார். இப்போது அட்டையில் கட்டம் கட்டமான கியூஆர் குறி போடக் கேட்கிறார்கள். போடலாம். முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல், சுற்றிவர வெள்ளை இடம் விட்டுப் போட வேண்டும். ஆனால் அதை நம்பி இலக்கத்தை எடுத்துவிடக் கூடாது. கணக்கு முடக்கப்பட்டால் குறி வெறும் கட்டமாகிவிடும்.

2022இல் கடதாசியும் மையும் இல்லாமல் போன காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த மார்ச் மாதம் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். அட்டைக்கு மட்டை எங்கே கிடைக்கப் போகிறது? அப்போது சித்திரம் படித்த ஒரு பிள்ளை, தன் பழைய சித்திரத் தாள்களை அட்டையளவுக்கு வெட்டி, லினோவில் தன் பெயரைத் தலைகீழாகச் செதுக்கி, ஒவ்வொன்றாகக் கையால் அழுத்தி எடுத்தாள். ஒவ்வோர் அட்டையின் பின்பக்கத்திலும் அவள் முன்னர் வரைந்த ஏதோ ஒரு படத்தின் துண்டு இருக்கும், ஒரு கண், ஒரு வாழையிலை, பாலத்தின் ஒரு தூண். வாங்கியவர்கள் அதை எறியவில்லை. எனக்கும் ஒன்று தந்தாள், என் மேசைக் கண்ணாடியின் கீழே இருக்கிறது. தொழில்காரி என்ற முறையில் சொன்னால், நான் செய்த எந்த அட்டையும் அதற்கு ஈடில்லை.

சென்ற மாதம் பாய் மாமி மறுபடி வந்தார், அட்டை முடிந்துவிட்டது என்று. பழையதையே அடிக்கச் சொல்வார் என்று கோப்பைத் திறந்தேன். "இப்ப மகளும் ஓரத்துக் கட்டம் இழைக்கிறா. அவட பேரையும் என்ட பேருக்குக் கீழ போடு, அதே பெரிய எழுத்தில" என்றார். இடம் போதவில்லை. மூலையில் துளைக்கு விட்ட இடத்தில் கைவைக்க முடியாது. கடைசியில் அடியில் இருந்த பூப் படத்தை எடுத்துவிட்டு இரண்டாவது பெயரைப் போட்டோம். பெயருக்குக் கீழே "பாய்க் கலைஞர்கள்" என்று போடவா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். மாமி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது மகளிட்டக் கேட்டுச் சொல்லுறன்" என்றார்.